பார்சலா, ஃபேமிலியா?

என் பிரியத்துக்குரிய கோமதி மயினிக்கு,

அங்கன டீ எப்படி இருக்கு? முட்டை பப்ஸ் போடுதாங்களா? போடலைன்னா இதுக்குள்ள நீங்க ஒரு சண்டையை இழுத்திருப்பீங்க, எனக்குத் தெரியாதா. இங்கன ஆடி பிறந்தாச்சு. சாரல் விட்டு விட்டு அடிக்குது, கொடியில போட்ட துணி காயவே மாட்டேங்குது. குற்றாலம் போற ரோடு பூரா வேனும் காருமா நிக்குது. உங்க மக மது பதினொண்ணாம் வகுப்புக்குப் போயிட்டா. வளத்தி உங்களைத் தாண்டியாச்சு. உங்க பச்சைச் சேலையை உடுத்திப் பாத்துட்டு, கணுக்கால் தெரியுதுன்னு மடிச்சு வச்சிட்டா.

நாத்தனார், மதினின்னா கீரியும் பாம்பும்னு நினைக்குத ஊர்ல, செத்துப்போன மதினிக்கு ஒரு நாத்தனார் கடுதாசி எழுதுதாளேன்னு நாலு பேர் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். ஊரே படிக்கட்டும்னுதான் எழுதுதேன். படிக்குதவங்களுக்கும் புரியணும்லா, அதனால உங்களுக்குத் தெரிஞ்சதையே கொஞ்சம் திருப்பிச் சொல்லுவேன். பொறுத்துக்கோங்க.

கல்யாணம் முறிஞ்சு நான் ஒத்தைப் பெட்டியோட தென்காசிக்கு வந்து நின்னப்ப, அண்ணன் என்ன சொல்லதுன்னு தெரியாம செவுத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நீங்கதான் பெட்டியைப் பிடுங்கி உள்ள வச்சீங்க. “ஏட்டி உலகு, மொதல்ல குளி. அழுகதெல்லாம் சாப்பிட்டுட்டு அழுதுக்கலாம்”னீங்க. நான் குளிச்சேன், சாப்பிட்டேன், அப்புறம் அழுகை வரவே இல்ல.

என் வேலை உங்களுக்குப் பெருமை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான பாட வீடியோவுல, அடியில ஓடுத எழுத்தைத் திருத்துத வேலை. கம்பெனி சென்னையில. வீட்டுல இருந்தே பாக்கலாம்னு விட்டிருந்தாங்க. ஆனா நம்ம வீட்டுச் செவுத்தை ஒட்டி மாவு மில்லுலா? மிளகாய் வத்தல் திரிக்க ஆரம்பிச்சா, பாடம் நடத்துத டீச்சர் வாய் மட்டும் அசையும். ஒருநாள் டீம் லீடர் போன்ல, “உலகம்மா, உங்க மொட்டை மாடியில ஹெலிகாப்டர் இறங்குதா?”ன்னு கேட்டாங்க. பக்கத்துல நின்ன நீங்க, “ஆமா, மல்லிப்பொடி வாங்க வந்திருக்கு”ன்னு சத்தமா சொன்னீங்க. எனக்கு வேர்த்துப்போச்சு.

மறுநாளே என்னை இழுத்துக்கிட்டுப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்க பேக்கரிக்குப் போனீங்க. மாடியில ஃபேமிலி ரூம். ஃபேன், ஜன்னல், சார்ஜ் போட ஒரு பாயிண்ட். நான் வேலை பாக்க, நீங்க துணை. பப்ஸைப் பிச்சு, முட்டையை முதல்ல எடுத்துத் தின்னுட்டு, மிச்ச மொறுமொறுப்பை டீயில தொட்டுச் சாப்பிடுவீங்க. வெள்ளி, செவ்வான்னா வெஜிடபிள் பப்ஸ்தான், அதையும் “இது என்ன பப்ஸு, உருளைக்கெழங்குக்குப் போர்வையா?”ன்னு திட்டிக்கிட்டே தின்பீங்க. மேசை துடைக்க வர்ற ஆளை, “ஏலே, அவ வேல பாக்கா, நீ ஏன் சும்மா சும்மா வந்து ஈரத்துணியைப் போடுத?”ன்னு விரட்டுவீங்க. அந்த மேசையில நான் திருத்தின பாடம் எத்தனையோ. ஒண்ணுல கூட உங்க பேர் இல்லையேன்னு இப்பத் தோணுது.

போன வருசம் பங்குனியில, உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகச் சாமான் வாங்கணும்னு பேசிக்கிட்டு இருந்தவங்க, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தீங்க. அம்புட்டுதான். ஆஸ்பத்திரி வரைக்கும்கூட நீங்க வரல.

காரியமெல்லாம் முடிஞ்சு, லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு அதே பேக்கரிக்கு நான் தனியாப் போனேன். நம்மளைத் தெரிஞ்ச அதே ஆளுதான் நின்னான்.

“பார்சலாக்கா?”

“இல்ல, மேல உக்காருதேன்.”

“ஃபேமிலி பின்னால வருதாக்கா?”

“யாரும் வரல. நான் மட்டுந்தான்.”

“ஃபேமிலி இல்லாம மேல விட மாட்டோம்க்கா. மொதலாளி வைவாரு.”

“அப்பக் கீழ உக்காருதேன்.”

“கீழ ஆம்பளையாளுக்கா.” அவன் முகத்துல கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல. எனக்கு நல்லது சொல்லுதோம்னுதான் நின்னான்.

நாம ரெண்டு பேரா இருந்தவரைக்கும் நாம ஃபேமிலி. நீங்க போனதும் நான் பார்சல். அந்த நேரத்துல எனக்கு அழுகையை விடக் கோவந்தான் வந்தது மயினி. ஒண்ணும் வாங்காம வெளிய வந்துட்டேன்.

அந்த மாசமே கம்பெனியில இருந்து ஓலை வந்திட்டு. வீட்டுல இருந்து பாக்கவங்க எல்லாரும் சென்னைக்கு வந்திரணுமாம். வர முடியாதவங்க, தடங்கல் இல்லாம வேலை நடக்குதுன்னு காட்டணுமாம். காட்டலைன்னா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்குச் சென்னை புதுசில்ல, போயிருவேன். ஆனா மது? அண்ணன் பட்டாளத்துல இருந்து வந்த மனுசன். சோறு வடிப்பாரு, சட்டை தேய்ப்பாரு, யூனிஃபார்முக்குப் பொத்தான்கூடத் தைச்சுக் குடுத்தாரு. ஆனா அந்தப் பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை சேந்தாப்ல பேச அவருக்கு வராது. ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில தட்டை வச்சுக்கிட்டுத் திங்காங்க. நடுவுல நான் இல்லைன்னா அந்த வீட்டுல டிவி மட்டுந்தான் பேசும்.

அதனால ஒரே முடிவு. எனக்கு ஒரு மேசை வேணும். ஒரு டீ, ஒரு தின்பண்டம், ஒரு பாயிண்ட், தலைக்கு மேல ஒரு ஃபேன். “தனியா ஒரு ரூம் வாடகைக்கு எடேம்மா”ன்னாரு அண்ணன். தனி ரூம்ல தனிப் பொம்பளைன்னா ஊர்ல அதுக்கு இதைவிடப் பெரிய கதை கட்டுவாங்கன்னு அவருக்குத் தெரியல.

குற்றாலத்துல புதுசா ஒரு காபி கடை. கண்ணாடி, குஷன் சேர், செவுத்துல பூ படம். ஆசையாப் போனேன். அருவியில குளிச்சவங்க, எண்ணெய் தேச்ச உடம்போட துண்டைக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்துட்டுப் போன சேர் அது. உக்காந்தா வழுக்குது, லேப்டாப்பை வச்சா அதுவும் வழுக்குது. சன்னல் வழியா ஒரு குரங்கு வந்து என் பப்ஸைத் தூக்கிக்கிட்டுப் போனது. நம்ம ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கிட்டு இருக்கு, நான் “சூ சூ”ங்கேன், டீம் லீடர் “யாரைச் சொல்லுறீங்க?”ங்காங்க. சீசன் முடிஞ்சா வாரநாள்ல ஷட்டரே தூக்க மாட்டாங்களாம். விட்டுட்டேன்.

செங்கோட்டை ரோட்டுல ஒரு சாயாக்கடை. வாழைப்பழத்துல போடுத பஜ்ஜி, பழம்பொரி, அம்புட்டு ருசி. பெஞ்சுல இருந்த ஆம்பளைங்க எல்லாரும் மரியாதையா எந்திரிச்சு எனக்கு இடம் விட்டுட்டு வெளிய மழையில நின்னாங்க. ஒருத்தராவது திட்டியிருந்தாக்கூட உக்காந்திருப்பேன். இந்த மரியாதையை வச்சுக்கிட்டு எப்படி உக்காரது?

கடைசியில மேலகரத்துல ஒரு பேக்கரி மாட்டுச்சு. காதர் பாய்னு ஒருத்தர், வளைகுடாவுல ரொம்ப வருசம் பேக்கரியில மாவு பிசைஞ்சிட்டு வந்து போட்ட கடை. முன்பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலை, மேகம் இறங்கி நிக்குது. கண்ணாடியை ஒட்டி ஒரு மேசை, கீழயே பாயிண்ட். எனக்கு அந்த மேசையைப் பாத்ததும் பசியே எடுத்துட்டு.

பாய் என்னைத் திரை போட்ட கேபினுக்குக் கூட்டிட்டுப் போனாரு. “இங்கன இருங்க தங்கச்சி, யாரும் பாக்க மாட்டாக.”

“யாரும் பாக்காம இருக்க நான் என்ன களவா செய்யுதேன் பாய்? இங்கன நெட்டும் எடுக்கல. நான் முன்னால உக்காருதேன்.”

அவரு தலையைச் சொறிஞ்சாரு. “எனக்கு ஒண்ணுமில்ல. ஆளுக என்னமும் சொல்லுவாகளேன்னு பாக்கேன்.”

“சொல்லட்டும். நீங்க டீயைப் போடுங்க.”

அவரு கடையில ஒரு பண்டம் மயினி, நீங்க தின்னாம போயிட்டீங்களே. வெண்ணெய் போட்டு மடிச்சு மடிச்சு, வளைச்சு வேக வைக்குதாரு. அரபு நாட்டுல கத்துக்கிட்டது. அதோட பேரு இங்க ஒருத்தருக்கும் வாயில நுழையல. வளைஞ்சு நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்கேன்னு கடையில நிக்குதவங்க ‘நண்டு பன்’னு பேர் வச்சிட்டாங்க. போச்சா? சைவக்காரங்க அந்தப் பக்கமே திரும்பல. ஒரு அம்மா என் கண்ணு முன்னால, “ஏங்க, நண்டைச் சுத்தம் பண்ணித்தான் போடுதியளா?”ன்னு கேட்டாங்க. பாய்க்கு அழுகையே வந்திட்டு. தினமும் அதைக் கேட்டு வாங்கித் திங்கது நான் ஒருத்திதான். அந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்கு என்னை எழுப்பி விட மனசு வரலன்னு நினைக்கேன்.

ஒரு வாரம் நல்லாப் போச்சு. வர்றவன் போறவன் பாக்கதைப் பாத்துக்கிட்டுதான் இருந்தான். அப்புறம் ஒருநாள் அச்சன்புதூர்ல இருந்து ஒரு பெரியவர் வந்தாரு. டீ வாங்கினாரு. நேரா என் மேசைக்கு வந்து, மஞ்சப்பையில இருந்து ஆதார் ஜெராக்ஸை எடுத்து என் முன்னால வச்சாரு.

“யம்மா, பட்டா மாறுதல் போடணும்.”

புரியுதா மயினி? நம்ம ஊர்ல ஒருத்தி கம்ப்யூட்டரை விரிச்சு வச்சு ரோட்டைப் பாத்து உக்காந்திருந்தா, அவ என்னவா இருக்க முடியும்? ஆன்லைன்ல மனு போட்டுக் குடுக்கவளாத்தான் இருக்கணும். நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். பெரியவர் நகரல. சரி, வயசான மனுசன், எதிர்த்த வரிசையில இ-சேவை மையம் இருந்தும் இங்க வந்துட்டாரேன்னு போட்டுக் குடுத்தேன். மறுநாள் ஹால் டிக்கெட் எடுக்க ஒரு பிள்ளை. அதுக்கு மறுநாள் ஒரு கூட்டம். ‘பேக்கரியில ஒரு ஆன்லைன் அக்கா இருக்காளாம், நல்லாப் பேசுதாளாம்.’

பாய்க்கு வாயெல்லாம் பல். “பாத்தியளா தங்கச்சி? இப்ப ஒருத்தன் ஒண்ணும் சொல்ல மாட்டான். ஒரு போர்டு எழுதி வச்சிருவோம். உங்களுக்கும் மரியாதை, நமக்கும் டீ ஓடும்.”

எனக்கும் சபலம் தட்டிச்சுன்னு உங்ககிட்ட மறைக்கவா? அந்த வாரம்தான் யாரும் என்னை முறைச்சுப் பாக்கல. பொம்பளைங்க சிரிச்சாங்க, ஆம்பளைங்க ‘மேடம்’னாங்க. ஒருத்தி அடுத்தவனுக்கு வேலை செஞ்சு குடுத்தா ஊருக்கு அவ மேல ஒரு குறையும் இல்ல. தனக்குன்னு செஞ்சாத்தான் ‘இவ யாரு, எதுக்கு வந்திருக்கா?’ங்கிற கேள்வி வருது.

ஆனா கேளுங்க கூத்தை. பெரியவங்க பட்டா, பட்டான்னு காதுல ஓதிக்கிட்டே இருக்க, நான் செடி எப்படிச் சாப்பாடு தயாரிக்குதுங்கிற பாடத்தைத் திருத்திக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் டீம் லீடர் கூப்பிட்டாங்க. குரல் சரியில்ல.

“உலகம்மா, ‘இலையில் பட்டா இருப்பதால்தான் அது பச்சையாகத் தெரிகிறது’ன்னு போட்டிருக்கீங்க.”

“...பச்சையம் மேடம்.”

“எனக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியலையே. இதுக்குத்தான் சென்னைக்கு வாங்கன்னு சொல்லுறோம். இந்த மாசக் கடைசியில வீடியோ கால்ல உங்க இடத்தைப் பாப்போம். சரியில்லைன்னா அவ்வளவுதான்.”

நீங்க இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பீங்க. இலைக்கும் பட்டா குடுத்த தாசில்தாரேன்னு கூப்பிட்டிருப்பீங்க. நானும் சிரிச்சேன், ஆனா அந்த ஒரு வரியைப் பத்துத் தடவை படிச்சுத் திருத்தித்தான் அனுப்பினேன். ஒரு வார்த்தையில மதுவை விட்டுட்டுப் போயிருப்பேனே மயினி.

அன்னைக்கு வீட்டுக்கு வந்தா அண்ணன் வாசல்லயே நிக்காரு. டீக்கடையில யாரோ சொல்லியிருக்காங்க.

“பேக்கரியில உக்காந்து மனு எழுதுதியாமே? நம்ம வீட்டுப் பொம்பள ரோட்டைப் பாத்து உக்காரணுமா? பேசாம மெட்ராஸுக்கே போயிரு, கௌரவமாவாது இருக்கும்.”

“ஏண்ணே, மயினி உக்காரலையா?”

“அவ உங்கூட உக்காந்தா.”

“இப்ப நான் எங்கூட உக்காருதேன்.”

உங்க பேச்சு அந்த வீட்டுல சத்தமா ரொம்ப நாளைக்கு அப்புறம் கேட்டது அன்னைக்குத்தான். அவரு உள்ள போயிட்டாரு. மறுநாள் காலையில என் பையைத் தூக்கினா கனம். திறந்து பாத்தா ஒரு எக்ஸ்டென்சன் பாக்ஸ், வயரைப் பட்டாளத்து நேர்த்தியா சுத்தி வச்சிருக்காரு. பேக்கரி பாயிண்ட் லூசுன்னு நான் மதுகிட்ட சொன்னது அவரு காதுல விழுந்திருக்கு. இதுதான் அவருக்குத் தெரிஞ்ச பேச்சு, நீங்க இத்தனை வருசம் எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு இப்ப எனக்கும் கொஞ்சம் விளங்குது.

நேரா பாய்கிட்ட போனேன். “பாய், போர்டு வைக்கணும்னீங்களே, வைப்போம்.” அவரு சந்தோசமா அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்துக் குடுத்தாரு. நான் எழுதினதைப் படிச்சதும் முகம் சுருங்கிப்போச்சு.

‘ஆதார், பட்டா, ஹால் டிக்கெட் இங்கே பார்க்கப்படாது. எதிர்த்த வரிசையில் இ-சேவை மையம் உள்ளது. இந்த மேசையில் வேலை நடக்கிறது.’

“என்ன தங்கச்சி, வர்ற ஆளை விரட்டுத மாதிரில்லா இருக்கு?”

“பாய், அந்தப் பன்னை நண்டுன்னு சொல்லி விக்கச் சொன்னா ஒத்துக்குவீங்களா? மாட்டீங்கள்லா? என்னையும் இல்லாத பேரைச் சொல்லி இங்க உக்கார வைக்காதீங்க. நான் என் வேலையைப் பாக்க வந்திருக்கேன். அதுக்கு இடம் உண்டா, இல்லையா? இல்லைன்னா இப்பவே சொல்லுங்க, வேற கடை பாக்கேன்.”

பாய் டேப்பை எடுத்து அவரே ஒட்டினாரு, கோணலா. முதல் ரெண்டு நாள் ஆளுக வந்து போர்டைப் படிச்சிட்டு, “அப்ப இந்தம்மா என்னதான் பாக்கு?”ன்னு அவருகிட்ட கேட்டாங்க. “வேல பாக்கு”ன்னாரு. “என்ன வேல?” “அவங்க வேல.” அதுக்கு மேல அவருக்கும் தெரியாது, கேக்கதவங்களுக்கும் கேள்வி தீந்துபோச்சு.

மாசக் கடைசியில வீடியோ கால். டீம் லீடர் சுத்திக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன். கண்ணாடி, மலை, அடுப்பில இருந்து தட்டு இறங்குது, நாலு பேர் பன் திங்காங்க. சரியா அந்த நேரம் பாத்து ஒருத்தர் கையில காகிதத்தோட என் மேசைக்கு வாராரு. எனக்கு உசிரே போச்சு. பாய் கல்லாவுல இருந்து எட்டிக் குதிச்சு, “வே, அங்கன போர்டு எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா? அந்தம்மா வேல பாக்கு!”ன்னு அவரைத் தோளைப் பிடிச்சுத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாரு.

டீம் லீடர் போர்டைக் கிட்டத்துல காட்டச் சொன்னாங்க. படிச்சாங்க. ரொம்ப நேரம் சிரிச்சாங்க. “எங்க வீட்டுக்கும் இப்படி ஒண்ணு வேணும் உலகம்மா. என் மாமியாருக்குக் காட்ட”ன்னாங்க. அப்புறம், “இருங்க. அடுத்த வருசம் திரும்பப் பாப்போம். ஆனா இலைக்குப் பட்டா மட்டும் வேண்டாம்”னாங்க.

வீட்டுக்கு வந்து மதுகிட்ட சொன்னேன். அவ சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தா. “மது, சென்னை போகலட்டி. இங்கனதான்.” “சரி அத்த”ன்னா. அம்புட்டுதான். தின்னு முடிச்சா, தட்டைக் கழுவி வச்சா. வந்து என் பக்கத்துல உக்காந்தா. தரையைப் பாத்துக்கிட்டே சொன்னா.

“நீயும் போயிருவேன்னு நினைச்சேன் அத்த. அதான் உங்கிட்ட ஒட்டாமலே இருந்தேன். ஒட்டிக்கிட்டா அப்புறம் கஷ்டமா இருக்கும்லா?”

அப்புறம் அழுதா மயினி. நீங்க போன அன்னைக்கு ஊரே அழுதப்போ வந்தவங்களுக்கெல்லாம் தண்ணி மோந்து குடுத்துக்கிட்டு நின்ன பிள்ளை. “அம்மா, அம்மா”ன்னு சத்தம் போட்டு அழுதா. அண்ணன் உள்ள இருந்து ஓடி வந்தாரு. என்ன செய்யன்னு தெரியாம நின்னாரு, அப்புறம் அவளுக்கு அந்தப் பக்கம் உக்காந்து அவ தலையில கையை வச்சாரு.

இப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம். வெளிய சாரல். உங்களுக்கு ஒரு வாக்குக் குடுக்கேன். கம்பெனி மாறலாம், கடை மாறலாம், போர்டைக் கிழிச்சுப் போடலாம். அவ படிச்சு, அவ இஷ்டத்துக்கு இந்த வாசலைத் தாண்டிப் போற வரைக்கும் நான் இந்த ஊரை விட்டு நகர மாட்டேன். என்னை எழுப்ப வர்றவங்க வந்து பாக்கட்டும். உங்க மக என் மடியில தலை வச்சு அசந்து தூங்குதா. கால் ரெண்டும் மரத்துப்போச்சு. நான் எந்திரிக்கப் போறதில்ல.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரரோட தங்கச்சி, உங்க மகளுக்கு அத்தை,
என்னைக்கும் உங்க நாத்தனார்
உலகு